இங்கிலாந்தின் கீழ்நிலைக் கால்பந்து மைதானங்களுக்குச் சென்று ஆட்டம் பார்ப்பது: முழுமையான வழிகாட்டி

வாரத்துக்கு ஒரு புதிய கழகத்தின் மைதானத்துக்குச் சென்று ஆட்டம் பார்க்கும் வழக்கத்தை இங்கிலாந்தில் கிரவுண்ட்ஹாப்பிங் என்கிறார்கள். அங்கே வசிக்கும் தமிழர்களுக்கும், ஓர் ஆட்டப் பருவத்தின் சில மாதங்களையாவது அங்கே கழிக்கப் போகிறவர்களுக்கும் இந்த வழிகாட்டி பயன்படும். பிரீமியர் லீகில் விளையாடும் பெரிய கழகங்களைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்களில் பலர் வேலைகளை வரிசை மாற்றிச் செய்தே தடுமாறுகிறார்கள். மைதானத்தை முதலில் முடிவு செய்கிறார்கள், அடுத்து ரயில் டிக்கெட் வாங்குகிறார்கள், ஆட்டம் உண்மையில் நடக்கிறதா என்பதைக் கடைசியாகப் பார்க்கிறார்கள். சரியான வரிசை ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் அமைந்திருக்கின்றன.

1. எதைக் கணக்கில் சேர்ப்பது என்பதை முதலில் எழுதி வையுங்கள்

இந்தப் பொழுதுபோக்குக்குப் பொது விதி கிடையாது. ஆகவே உங்கள் விதியை நீங்களே வகுத்துக்கொள்ள வேண்டும். அதையும் முதல் பயணத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும். பாதியில் மின்விளக்கு அணைந்து கைவிடப்பட்ட ஆட்டம் கணக்கில் வருமா? இளையோர் அணி விளையாடிய ஆட்டம் வருமா? பத்து நிமிடம் தாமதமாக உள்ளே போனால்? ஒரு கழகம் வேறு மைதானத்துக்கு மாறினால் பழையதைப் பட்டியலிலிருந்து நீக்குவதா? இவற்றுக்கெல்லாம் முன்கூட்டியே விடை இருந்தால், மழை நாளில் மனம் கேட்கும் சலுகைகளுக்கு இடமிருக்காது.

என் பரிந்துரை எளிமையானது. கழகத்தின் முதல் அணி, ஆண்களோ பெண்களோ, போட்டி ஆட்டம் ஒன்றில் விளையாட வேண்டும். நீங்கள் முழு ஆட்டத்தையும் பார்த்திருக்க வேண்டும். பயிற்சி ஆட்டங்களைச் சேர்த்துக்கொண்டால் எண்ணிக்கை வேகமாக ஏறும். ஆனால் ஜூலை மாதத்துப் பயிற்சி ஆட்டத்தில் அணியே பாதிக்குப் பாதி சோதனைக்கு வந்தவர்களாக இருக்கும். அந்தக் கழகத்தைப் பார்த்ததாகவே சொல்ல முடியாது.

2. அடுக்குகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

இங்கிலாந்தின் முதல் நான்கு அடுக்குகளில் 92 கழகங்கள் உள்ளன. பிரீமியர் லீகில் 20. சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ ஆகிய மூன்றிலும் தலா 24. இந்த 92-க்குக் கீழே உள்ளதைத்தான் நான்-லீக் என்கிறார்கள். அதற்குத் தனியாக ஸ்டெப் 1, ஸ்டெப் 2 என்ற எண்ணிக்கை தொடங்குகிறது. ஐந்தாம் அடுக்கு என்பதும் ஸ்டெப் 1 என்பதும் ஒன்றே. இந்த இரண்டு எண்ணிக்கைகளையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். ‘எட்டாம் அடுக்கு’ என்று படித்துவிட்டு ஸ்டெப் 8-ஐத் தேடுவார்கள்.

ஸ்டெப் 1 நேஷனல் லீக். நாடு முழுவதற்கும் ஒரே பிரிவு. ஸ்டெப் 2 வடக்கு, தெற்கு என இரண்டு பிரிவுகள். ஸ்டெப் 3-இல் நான்கு பிரிவுகளும் ஸ்டெப் 4-இல் எட்டுப் பிரிவுகளும் உண்டு. இவை இஸ்த்மியன், சதர்ன், நார்தர்ன் பிரீமியர் ஆகிய மூன்று லீகுகளுக்குள் வருகின்றன. ஸ்டெப் 5 முதல் வட்டார அளவிலான லீகுகள் தொடங்குகின்றன.

இதைத் தெரிந்துகொள்வது பயணத் திட்டத்துக்கே அவசியம், ஏனென்றால் அடுக்கைப் பொறுத்து எல்லாம் மாறுகிறது. ஸ்டெப் 1-இல் கட்டணம் ஏறக்குறைய 20 பவுண்டைத் தொடும், ஒளிபரப்புக்காக ஆட்ட நேரமும் மாறலாம். ஸ்டெப் 3, 4-இல் 10 முதல் 15 பவுண்டு, ஸ்டெப் 5, 6-இல் அதைவிடக் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்டெப் 7-க்கு வந்துவிட்டால் பல இடங்களில் கட்டணமே இல்லை; விளக்குக் கம்பங்களும் இல்லாமல் இருக்கலாம், ஆகவே குளிர்காலத்தில் ஆட்டம் 2 மணிக்கோ அதற்கு முன்போ தொடங்கிவிடும். தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது ஸ்டெப் 3-உம் 4-உம் என்பது என் கருத்து. கூட்டம் சில நூறு பேர் இருக்கும், மைதானத்தில் கூரை போட்ட அரங்கும் தேநீரும் கழிப்பறையும் நிச்சயம் உண்டு, நாடு முழுவதும் 260-க்கும் மேற்பட்ட கழகங்கள் இந்த இரண்டு படிகளிலேயே இருக்கின்றன.

கழகங்கள் ஆண்டுதோறும் மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் நகர்த்தப்படும். பயணத் தூரத்தைச் சமன் செய்ய ஒரு கழகத்தை இஸ்த்மியனிலிருந்து சதர்ன் லீகுக்கு மாற்றுவது சாதாரணம். ஆகவே சென்ற ஆண்டுப் பட்டியலை வைத்துத் திட்டமிட வேண்டாம்.

3. நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

பருவம் ஆகஸ்டில் தொடங்கி ஏப்ரல் இறுதியில் முடிகிறது. சனிக்கிழமை மாலை 3 மணி ஆட்டமே அடிப்படை. வார நாள் ஆட்டங்கள் பெரும்பாலும் செவ்வாய் இரவு 7.45-க்கு.

லீக் அட்டவணை ஜூலையில் வெளியாகும். அதை ஒரு வரைவாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கோப்பை ஆட்டங்கள் அதைக் கலைத்துக்கொண்டே இருக்கும். எஃப்.ஏ. எனப்படும் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பைக்கு 700-க்கும் மேற்பட்ட கழகங்கள் நுழைகின்றன. அதன் முதல் தகுதிச் சுற்றுகள் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடும்; செய்தித்தாள்கள் கவனிக்கத் தொடங்கும் முதல் முறையான சுற்று நவம்பரில்தான் வருகிறது. இதைத் தவிர ஸ்டெப் 1 முதல் 4 வரையிலான கழகங்களுக்கு எஃப்.ஏ. டிராஃபி, ஸ்டெப் 5, 6 கழகங்களுக்கு எஃப்.ஏ. வேஸ், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு கோப்பை என்று வரிசையாக உண்டு. ஒரு கழகம் கோப்பையில் முன்னேறினால் அந்தச் சனிக்கிழமைக்குரிய லீக் ஆட்டம் ஏதோ ஒரு செவ்வாய்க்குத் தள்ளப்படும். எதிரணி கோப்பையில் முன்னேறினாலும் இதே கதைதான். இந்த இரண்டாவது காரணத்தைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்.

நாட்டு அணிகள் விளையாடும் இடைவெளி வாரங்களில் மேல் இரண்டு அடுக்குகளில் ஆட்டம் இருக்காது. 2010 முதல் அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமையை நான்-லீக் நாள் என்று கொண்டாடுகிறார்கள். பல கழகங்கள் அன்று கட்டணத்தைக் குறைக்கின்றன. கூட்டம் வழக்கத்தைவிட அதிகமாக இருக்கும் என்பதால், மைதானத்தின் இயல்பான நிலையைப் பார்க்க விரும்புகிறவர்கள் வேறு வாரம் போகலாம்.

டிசம்பர் 26-ஆம் தேதி அண்டைக் கழகங்கள் மோதும் நாள், சிறந்த கூட்டம் வரும். ஆனால் அன்று ரயில்கள் ஏறக்குறைய ஓடாது. கார் இல்லாதவர்கள் அந்த நாளுக்கு நடந்தோ பேருந்திலோ போகக்கூடிய மைதானத்தை முன்பே ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

4. முதல் சில மைதானங்கள் வீட்டருகே இருக்கட்டும்

தொலைவில் உள்ள புகழ்பெற்ற மைதானத்தோடு தொடங்க வேண்டாம். வழிமுறைகள் பழகாத நிலையில் நீண்ட பயணம் வீணானால், பலர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். முதல் சில ஆட்டங்களை உங்கள் வழக்கமான பேருந்து அல்லது ரயில் தடத்திலேயே தேடுங்கள்.

லண்டனில் தமிழர்கள் நிறைய வாழும் பகுதிகளுக்கு இது எளிது. ஈஸ்ட் ஹாமில் இருப்பவர்கள் அதே டிஸ்ட்ரிக்ட் தடத்தில் டகென்ஹாம் ஈஸ்ட் நிலையத்தில் இறங்கினால், டகென்ஹாம் அண்ட் ரெட்பிரிட்ஜ் கழகத்தின் விக்டோரியா ரோடு சில நிமிட நடையில் இருக்கிறது. ஹாரோவில் இருப்பவர்களுக்கு சவுத் ஹாரோவில் ஹாரோ பரோ கழகத்தின் எர்ல்ஸ்மீட். டூட்டிங், மிச்சம் பக்கம் இருப்பவர்களுக்கு டூட்டிங் அண்ட் மிச்சம் யுனைடெட்டின் இம்பீரியல் ஃபீல்ட்ஸ். சட்டனில், வெஸ்ட் சட்டன் நிலையத்தருகே சட்டன் யுனைடெட்டின் காண்டர் கிரீன் லேன். தெற்கு லண்டனில் சற்றுப் பெரிய கூட்டத்தோடு பார்க்க வேண்டுமென்றால், ஈஸ்ட் டல்விச் நிலையத்தை ஒட்டிய டல்விச் ஹாம்லெட்டின் சாம்பியன் ஹில்.

5. நாள், பகுதி, ஆட்டம்: இந்த வரிசையில் தேர்ந்தெடுங்கள்

முதலில் உங்களுக்கு ஓய்வுள்ள நாளை முடிவு செய்யுங்கள். அடுத்து, அன்று பழுதுபார்ப்புப் பணி நடக்காத ரயில் தடம் எது என்று பாருங்கள். இங்கிலாந்தில் தண்டவாளப் பணிகள் வார இறுதிகளில்தான் அதிகம் நடக்கும், ரயிலுக்குப் பதில் பேருந்து விட்டால் ஒரு மணி நேரப் பயணம் இரண்டாகிவிடும். அந்தத் தடத்தை ஒட்டிய பகுதியில் அன்று நடக்கும் எல்லா ஆட்டங்களையும் அதன் பிறகே பட்டியலிடுங்கள்.

பட்டியலிட ஃபுட்பாலஜி என்ற கைப்பேசிச் செயலி உதவும். அருகிலுள்ள ஆட்டங்களைத் தேதிவாரியாகக் காட்டும், சென்ற மைதானங்களையும் பதிந்து வைக்கும். ஸ்டெப் 7-க்கும் கீழே போகும்போது எஃப்.ஏ.-வின் ஃபுல்-டைம் தளம் கைகொடுக்கும். இரண்டிலும் பிழைகள் உண்டு. ஆகவே கடைசிச் சொல் எப்போதும் கழகத்தின் சொந்தத் தளத்துடையதும் சமூக ஊடகப் பக்கத்துடையதுமே.

பட்டியலிலிருந்து ஓர் ஆட்டத்தை மட்டும் எடுக்காமல் மூன்றை எடுங்கள். முதலாவது நீங்கள் விரும்புவது. இரண்டாவது அதே தடத்தில், முந்தைய அல்லது அடுத்த நிலையங்களில் உள்ள ஒன்று. மூன்றாவது செயற்கைப் புல்தளம் உள்ள மைதானம். மூன்றாவதை ஏன் வலியுறுத்துகிறேன் என்பது ஏழாம் படியில் விளங்கும்.

6. முகவரியைக் கழகத்தின் பெயரிலிருந்து ஊகிக்காதீர்கள்

கீழ்நிலைக் கால்பந்தில் கழகத்தின் பெயரில் உள்ள ஊரும் மைதானம் உள்ள ஊரும் வேறாக இருப்பது சகஜம். வீல்ட்ஸ்டோன் என்பது ஹாரோவின் ஒரு பகுதி; வீல்ட்ஸ்டோன் கழகமோ 2008 முதல் ரைஸ்லிப்பில் உள்ள குரோவ்னர் வேலில் விளையாடுகிறது. ஹெண்டன் கழகத்தின் மைதானம் கிங்ஸ்பரியில். 1857-இல் தொடங்கிய, உலகின் மிகப் பழைய கால்பந்துக் கழகமான ஷெஃபீல்ட் எஃப்.சி. 2001 முதல் ஷெஃபீல்டுக்கு வெளியே, டர்பிஷயர் மாவட்டத்தின் டிரான்ஃபீல்டில் விளையாடி வருகிறது. ஷெஃபீல்ட் பெரிய நிலையத்தில் இறங்கி நடக்கலாம் என்று நினைப்பவருக்கு அன்றைய ஆட்டம் கிடைக்காது.

மைதானத்தைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கமும் உண்டு. கிரே வாண்டரர்ஸ் பல ஆண்டுகள் பிராம்லியின் ஹேய்ஸ் லேனைத்தான் தன் மைதானமாகப் பயன்படுத்தியது. எனவே கழகத் தளத்தில் இந்தப் பருவத்துக்குரிய அஞ்சல் குறியீட்டைப் பார்த்து, அதைத்தான் வரைபடச் செயலியில் இட வேண்டும். பெயரைத் தட்டச்சு செய்தால் இடிக்கப்பட்ட பழைய மைதானத்தின் இடத்தில் எழுந்துள்ள குடியிருப்புக்குக்கூட அது உங்களை அழைத்துச் செல்லலாம்.

7. ஆட்டம் தள்ளிப்போவதை இயல்பென்று எடுத்துக்கொண்டு திட்டமிடுங்கள்

புதியவர்களை அதிகம் வீழ்த்துவது இந்தப் படிதான். பெரிய கழகங்களின் மைதானத்தில் வெப்பக் குழாய்களும் நல்ல வடிகாலும் உண்டு; ஸ்டெப் 4-இல் இருப்பதோ பெரும்பாலும் சாதாரணப் புல்தரை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை இரண்டு நாள் தொடர்மழையோ ஓர் இரவு உறைபனியோ போதும், ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டுவிடும்.

இது எப்படி முடிவாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பதற்றம் குறையும். தளம் சந்தேகமாக இருந்தால் கழகம் காலையில் அருகில் உள்ள ஒரு நடுவரை வரவழைத்துப் பார்வையிடச் சொல்கிறது. அவர் பந்தைத் தரையில் விட்டும் உருட்டியும் பார்ப்பார். பந்து எழும்பாமல் சொத்தென்று நின்றுவிட்டால், அல்லது பூட்ஸ் அடியில் நீர் ஊறி மேலே வந்தால், தீர்ப்பு ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று பொருள். உறைபனி நாளில் கோல் கம்பத்தருகேயும் அரங்கின் நிழல் விழும் ஓரத்திலும்தான் அவர் அதிக நேரம் நிற்பார். வெயில் படாத அந்தப் பகுதி இளகாவிட்டால் மற்ற இடமெல்லாம் நன்றாக இருந்தும் பயனில்லை. இந்தப் பார்வையிடல் பெரும்பாலும் காலை 9-க்கும் 12-க்கும் இடையில் நடக்கும். நேரத்தைக் கழகம் தன் சமூக ஊடகப் பக்கத்தில் அறிவிக்கும்.

ஆகவே சனிக்கிழமை காலையில் செய்ய வேண்டியவை இவை. எழுந்ததும் மூன்று கழகங்களின் பக்கங்களையும் பாருங்கள். பார்வையிடல் அறிவிப்பு இருந்தால், அதன் முடிவு வரும் வரை கிளம்ப வேண்டாம். முதல் தேர்வு தள்ளிப்போனால் உடனே இரண்டாவதுக்கு மாறுங்கள். ஆனால் ஒரே பகுதியில் பெய்த மழை இரண்டு மைதானத்தையும் நனைத்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம். செயற்கைத் தளம் மூன்றாவதாகப் பட்டியலில் இருக்க வேண்டியது இதற்காகத்தான். மெய்ட்ஸ்டோன் யுனைடெட்டின் கேலகர் அரங்கம், வொர்திங்கின் வுட்சைட் ரோடு, டார்க்கிங்கின் மெடோபேங்க் ஆகியவை அப்படிப்பட்டவை. லீக் டூவிலும் அதற்கு மேலும் செயற்கைத் தளத்துக்கு அனுமதி இல்லை. 2021-இல் லீக் டூவுக்கு உயர்ந்த சட்டன் யுனைடெட் தன் செயற்கைத் தளத்தைப் பெயர்த்துவிட்டு இயற்கைப் புல் போட வேண்டியிருந்தது. நான்-லீகில்தான் இவை உண்டு. மழையைத் தாங்கும், கடும் பனியிலும் பனிப்பொழிவிலும் இவையும் கைவிடக்கூடும்.

அமைதியான பக்கம் என்றால் ஆட்டம் உண்டு என்று எடுத்துக்கொள்வதும் தவறு. ஸ்டெப் 6-இல் சமூக ஊடகத்தைக் கவனிப்பவர் பெரும்பாலும் ஒரே ஒரு தன்னார்வலர். அவரே கோடு போடுபவராகவும் இருக்கலாம். அப்போது எதிரணியின் பக்கத்தைப் பாருங்கள். பயணம் செய்ய வேண்டியவர்கள் அவர்கள் என்பதால் தள்ளிவைப்புச் செய்தி அங்கே முதலில் வந்துவிடுவதுண்டு.

8. ரயில் டிக்கெட்டைக் கடைசியில் வாங்குங்கள்

முன்பதிவு விலையில் கிடைக்கும் அட்வான்ஸ் டிக்கெட்டுகள் மலிவானவை. ஆனால் பயணம் ரத்தானால் பணம் திரும்பாது. ஆட்டம் தள்ளிப்போவது உங்கள் சொந்தப் பிரச்சினை, ரயில் நிறுவனத்துக்கு அதில் பொறுப்பில்லை. ஆகவே ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருக்கும் மைதானங்களுக்கு அன்று காலை, ஆட்டம் உறுதியான பிறகு, ஆஃப்-பீக் டே ரிட்டர்ன் (நெரிசல் நேரம் தவிர்த்து ஒரே நாளில் போய்வரும் டிக்கெட்) வாங்குவதே சரி. சனி, ஞாயிறு முழுவதும் அந்தக் கட்டணம் பொதுவாகப் பொருந்தும். ரயில்கார்டு ஒன்று வைத்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும். லண்டனையும் தென்கிழக்கையும் சுற்றுகிறவர்களுக்கு நெட்வொர்க் ரயில்கார்டு சில பயணங்களிலேயே தன் விலையை மீட்டுத் தந்துவிடும்.

நீண்ட தூரத்துக்கு அட்வான்ஸ் தவிர வேறு வழியில்லை என்றால், ஆட்டம் தள்ளிப்போவது குறைவான ஆகஸ்ட், செப்டம்பர், ஏப்ரல் மாதப் பயணங்களுக்கு மட்டும் வாங்குங்கள்.

திரும்பும் ரயிலைப் பற்றி ஒரு கணக்கு. 3 மணி ஆட்டம் 4.50-க்கு முடியும், 7.45 ஆட்டம் 9.35-க்கு. கோப்பை ஆட்டமென்றால் சமநிலைக்குப் பின் பெனால்டியும் வரலாம், இன்னும் கால் மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். சிற்றூர்களில் செவ்வாய் இரவு பத்து மணிக்குப் பிறகு ஒரே ஒரு ரயில்தான் இருக்கும். அதைத் தவறவிட்டால் என்ன செய்வது என்பதற்கு வீட்டிலிருந்தே விடையோடு புறப்பட வேண்டும். விடை இல்லையென்றால் அந்த ஆட்டத்தைச் சனிக்கிழமைக்கு விட்டுவிடுங்கள்.

9. பையில் இருக்க வேண்டியவை

இரண்டு ஜோடி காலுறைகள், அடி தடித்த காலணி. நின்று பார்க்கும் இடம் கான்கிரீட். குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்து ஏறுவதே அதிகம், மேலே எத்தனை அடுக்கு உடுத்தினாலும் இடைவேளைக்குள் கால்விரல் மரத்துவிடும். டிசம்பரில் லண்டனில் 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், இரண்டாம் பாதி முழுதும் இரவுக் குளிர்தான்.

குடையைவிடத் தொப்பியுள்ள மழைச்சட்டை நல்லது, ஏனென்றால் குடை பின்னால் நிற்பவரின் பார்வையை மறைக்கும். பத்து இருபது பவுண்டு ரொக்கமாக இருக்கட்டும். நுழைவாயிலில் அட்டை வாங்கினாலும் தேநீர் விற்கும் சாளரத்திலும் குலுக்கல் சீட்டு விற்பவரிடமும் சில்லறை கேட்பார்கள்.

10. மைதானத்துக்குள்: முதல் அரை மணி நேரம்

ஆட்டத்துக்கு 40 நிமிடம் முன்பாவது உள்ளே போய்விடுங்கள். அதற்குக் காரணம் கூட்டம் இல்லை. ஆட்டம் தொடங்கிய பின் பந்தையும் மைதானத்தையும் ஒருசேரப் பார்க்க முடியாது. நுழைந்தவுடன் செய்யும் வரிசை இதுவாக இருந்தால் எதுவும் விடுபடாது.

முதலில், அன்றைய ஆட்டத்துக்கெனக் கழகம் வெளியிடும் புரோகிராம் இதழ். சிறு கழகங்களில் சில பத்துப் பிரதிகளே அச்சாகும், பழைய சேகரிப்பாளர்கள் வாயில் திறந்த உடனே வாங்கிவிடுவார்கள். சில கழகங்கள் இணையத்தில் மட்டும் வெளியிடுகின்றன.

இரண்டாவது அணிப் பட்டியல். கிளப் ஹவுஸ் சுவரிலோ தேநீர்ச் சாளரத்தின் அருகிலோ ஒரு வெள்ளைப் பலகையில் இரண்டு அணிகளின் பெயர்களையும் மார்க்கரால் எழுதி வைத்திருப்பார்கள். மழைத்துளி பட்டு 7-ஆம் எண்ணின் பெயர் பாதி அழிந்திருக்கும். அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டெப் 3-க்குக் கீழே ஆட்டக்காரர் முதுகில் பெயர் பெரும்பாலும் இருக்காது, எண் மட்டும்தான். பட்டியல் இல்லாவிட்டால் 90 நிமிடமும் பெயரில்லாத 22 பேரைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

மூன்றாவதாக, தளத்தைச் சுற்றி ஒரு முழு நடை. பெரும்பாலான நான்-லீக் மைதானங்களில் இரு அணி ரசிகர்களையும் பிரித்து நிறுத்துவதில்லை, எங்கும் நடக்கலாம். தளம் எந்தப் பக்கம் சாய்கிறது, வெயில் எந்தக் கோல்காப்பாளரின் கண்ணில் விழும், எந்த மூலை சேறாக இருக்கிறது என்பதையெல்லாம் இந்த நடையில் பார்த்து வைத்துக்கொண்டால், எந்த அணி எந்தப் பாதியில் கோல் அடிக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். பயிற்சி நேரத்தில் கோலுக்குப் பின்னால் நடக்கும்போது பந்தின் மீது ஒரு கண் இருக்கட்டும். அங்கே வலை பல இடங்களில் இல்லை.

நிற்கும் இடத்துக்கு என் தேர்வு, முதல் பாதியில் பயிற்சியாளர்கள் அமரும் கூடத்துக்கு அருகே, கம்பியைப் பிடித்துக்கொண்டு. பயிற்சியாளர் தன் இடப்பக்கப் பின்காப்பாளரை எதற்காகத் திட்டுகிறார் என்பது சொல்லுக்குச் சொல் காதில் விழும், அடுத்த ஐந்து நிமிடத்தில் அந்த ஆட்டக்காரர் எங்கே நகர்கிறார் என்பதையும் பார்க்கலாம். குழந்தைகளோடு வந்திருந்தால் மட்டும் அந்த இடத்தைத் தவிர்ப்பது நல்லது. இடைவேளையில் உள்ளூர் ரசிகர்கள் தங்கள் அணி தாக்கும் கோலின் பின்பக்கத்துக்கு மொத்தமாக இடம் மாறுவார்கள். நீங்களும் அவர்களோடு போங்கள்.

உணவில் ஒரு எச்சரிக்கை. குளிரில் பலர் கையில் வைத்திருக்கும் கரிய சூடான பானம் காபி அல்ல, பவ்ரில். அது மாட்டிறைச்சிச் சாறு. சைவ உணவுக்காரர்கள் சிப்ஸ், சீஸ் ரோல், தேநீர் என்று சொல்லி வாங்கிக்கொள்ளலாம். இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்பே வரிசையில் நின்றுவிட்டால் இரண்டாம் பாதியின் தொடக்கம் தவறாது. மது அருந்துகிறவர்களுக்கு: நேஷனல் லீக் உட்பட மேல் ஐந்து அடுக்குகளில் ஆட்டத்தளம் கண்ணில் படும் இடத்தில் மது அருந்தச் சட்டம் அனுமதிப்பதில்லை; அதற்குக் கீழே பொதுவாகத் தடையில்லை, ஆனால் கண்ணாடிக் குவளையை வெளியே கொண்டுவர விடமாட்டார்கள்.

11. உள்ளூர்க்காரர்களோடு

வாயிலில் சீட்டுக் கிழிப்பவர் முதல் விளக்கைப் போடுபவர் வரை ஏறக்குறைய எல்லோரும் ஊதியமில்லாத தன்னார்வலர்கள். புதிய முகம் என்பதை உடனே கவனிப்பார்கள். எந்த ஊரிலிருந்து, இது எத்தனையாவது மைதானம் என்று கேட்பார்கள். அளவாகப் பதில் சொல்லிவிட்டு, அந்த மைதானத்தைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். கூரை எப்போது போட்டது, பழைய மைதானம் எங்கே இருந்தது என்பன போன்றவை. இதுவரை சென்ற மைதானங்களை அடுக்கத் தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

படம் எடுக்கத் தடையில்லை. சிறுவர்கள் பயிற்சி செய்யும் பக்கத்துத் தளத்தை மட்டும் எடுக்க வேண்டாம்.

12. அன்றிரவே பதிவு செய்யுங்கள்

தேதி, கழகங்கள், போட்டியின் பெயர், கோல் கணக்கு, கூட்டத்தின் எண்ணிக்கை, கட்டணம். இவை இரண்டு நிமிட வேலை. செயலியில் பதிந்தாலும் தனியாக ஒரு குறிப்பேட்டிலோ விரிதாளிலோ வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் செயலிகள் நின்றுபோகும், கழகங்கள் பெயர் மாறும். மைதானத்தின் பெயரையும் அன்று வழங்கியபடியே எழுதுங்கள். விளம்பரதாரர் மாறும்போது பெயரும் மாறும், பின்னால் அதே மைதானத்தை இரண்டு முறை எண்ணிவிட வாய்ப்புண்டு.

13. வெளியூர்ப் பயணங்களும் ஒரே நாளில் பல ஆட்டங்களும்

ஒரு குளிர்காலத்தை முழுதாகக் கடந்த பிறகு தொலைவுக்குப் போகலாம். லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்வரத்தக்க முதல் தேர்வு லூயிஸ். அங்கே டிரிப்பிங் பான் என்ற மைதானம் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடை. தரைமட்டத்துக்குக் கீழே குழிந்த தளம், சுற்றிலும் புல்மேடு. வடக்கே, டர்பியிலிருந்து கிளைத் தடத்தின் கடைசி நிலையம் மேட்லாக். அங்கே காஸ்வே லேன் மைதானத்தில் நின்றால் குன்றின் மேல் ரைபர் கோட்டை தெரியும். லிவர்பூலுக்கு வடக்கே கிராஸ்பியில் மரீன் கழகத்தின் ராஸெட் பார்க். ஒரு பக்கம் வீட்டுத் தோட்டங்கள் தளத்தோடு ஒட்டியிருப்பதால் அந்தப் பக்கம் பார்வையாளர்களுக்கு இடமே இல்லை. எட்டாம் அடுக்கில் இருந்த இந்தக் கழகம் 2021 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் பிரீமியர் லீக் கழகமான டாட்டன்ஹாமை இங்கேதான் எதிர்கொண்டது. ஷெஃபீல்டின் சாண்டிகேட், 1860 முதல் ஹாலம் கழகம் கால்பந்து ஆடிவரும் இடம். தளத்தின் சாய்வு வெறும் கண்ணுக்கே தெரியும், போட்டோவில் தெரியாது.

ஒரே நாளில் இரண்டு ஆட்டம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சனிக்கிழமை 3 மணி ஆட்டத்தோடு மாலை 5.30 ஆட்டத்தைக் கோக்க முயல்வார்கள். 4.50-க்கு முடியும் ஆட்டத்திலிருந்து 40 நிமிடத்தில் இன்னொரு மைதானத்தை அடைவது கார் இருந்தாலே கடினம். அதைவிட எளிய வழி, சில லீகுகள் விடுமுறை வார இறுதிகளில் பயணிகளுக்காகவே ஆட்ட நேரங்களை அடுத்தடுத்து அமைத்து நடத்தும் கூட்டுப் பயணங்கள். மைதானங்களுக்கிடையே பேருந்தும் ஏற்பாடாகியிருக்கும். இடங்கள் விரைவில் நிரம்பும் என்பதால் அறிவிப்பு வந்த வாரமே பதிவு செய்ய வேண்டும்.

இரவு தங்க வேண்டியிருந்தால், சனி காலையில் பார்வையிடல் நடக்கும் என்பதை மனத்தில் கொண்டு, அன்று பிற்பகல் வரை ரத்து செய்யக்கூடிய அறையைத் தேடுங்கள். அப்படிக் கிடைக்காவிட்டால், சனி ஆட்டம் இல்லாமற்போனாலும் ஞாயிறன்று பெண்கள் அணியின் ஆட்டம் நடக்கும் ஊராகப் பார்த்துத் தங்குங்கள். பெண்கள் ஆட்டங்கள் பெரும்பாலும் ஞாயிறு 2 மணிக்குத் தொடங்கும், ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் தளம் காய்ந்திருக்கவும் கூடும்.